மடங்காத முழங்காலுக்கு என்ன கணக்கு? விபத்து வழக்குக்கு வக்கீல் பார்க்கும்போது ஒப்பிட வேண்டியவை

என் சித்தப்பா டைல்ஸ் ஒட்டுகிறவர். 2022 ஆகஸ்டில் விழுப்புரம் பக்கம் நான்கு வழிச் சாலையில் அவர் பைக்கைப் பின்னாலிருந்து ஒரு சரக்கு வேன் இடித்தது. அப்போது வயது 38. வலது முழங்கால் நொறுங்கிப் போயிருந்தது. ஆபரேஷன் முடிந்து வார்டுக்குக் கொண்டுவந்த மறுநாளே, யாரென்று தெரியாத ஒருவர் ஆப்பிள் பையோடு வந்து கட்டிலோரம் உட்கார்ந்தார். "உங்களுக்கு ஒரு பைசா செலவில்லைம்மா. எல்லாம் வக்கீல் சார் பாத்துப்பார். பணம் வந்தா அவருக்கு ஒரு பங்கு, வரலைன்னா எதுவும் வேண்டாம்" என்று சித்தியிடம் வக்காலத்துத் தாளை நீட்டினார். கூடவே இரண்டு வெற்றுத்தாள். நான் டீ வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது சித்தி பேனாவைத் திறந்துவிட்டார்.

அன்று அந்தக் கையெழுத்தை நிறுத்திவிட்டு, அடுத்த மூன்று வாரத்தில் நான்கு வக்கீல்களைப் பார்த்தேன். நான்கு பேரிடமும் நான் முதலில் கேட்டது "ஃபீஸ் எவ்வளவு சார்?" என்றுதான். நான்காமவர் பதில் சொல்லாமல் திருப்பிக் கேட்டார்: "உங்க சித்தப்பா டைல்ஸ் ஒட்டறப்ப எப்படி உக்காருவார்?" குத்துக்காலிட்டு, சில சமயம் மண்டியிட்டு என்றேன். "இனிமே அப்படி உக்கார முடியுமா?" அவரிடம்தான் வழக்கைக் கொடுத்தோம். அந்தக் கேள்வி ஏன் அவ்வளவு முக்கியம் என்று எனக்கு அப்போது முழுதாகத் தெரியாது. இப்போது தெரியும்.

முதலில் எந்த வழி என்று பாருங்கள்

வக்கீலைத் தேடும் முன் உங்கள் விபத்து எந்த வழியில் போகும் என்று தெரிந்துகொள்வது நல்லது. தெரியாமல் போனால் வக்கீல் சொல்வதை எடைபோட முடியாது.

மோதிய வண்டி எதுவென்று தெரியும், தப்பு அந்த ஓட்டுநர் மேல் என்று காட்ட முடியும் என்றால், மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 166-ஆம் பிரிவு. எம்.சி.ஓ.பி. (மோட்டார் விபத்து இழப்பீட்டு மனு) என்று எல்லோரும் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். தொகைக்கு உச்சவரம்பு கிடையாது, ஆனால் வருமானம், ஊனம், அலட்சியம் எல்லாவற்றையும் நிரூபிக்க வேண்டும். 164-ஆம் பிரிவில் யார் தப்பு என்ற கேள்வியே இல்லை. உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் என்று நிலையான தொகை. இடித்த வண்டி நிற்காமல் போய்விட்டது, எண் தெரியவில்லை என்றால் 161-ஆம் பிரிவின்படி உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். இதற்கு நீதிமன்றம் போக வேண்டாம், வருவாய்த் துறையில் கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் நிலை அதிகாரியிடம் மனு கொடுத்தால் போதும். இந்த மனுவுக்கு யாராவது பெரிய ஃபீஸ் கேட்டால் கொடுக்காதீர்கள்.

164-இல் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. இன்சூரன்ஸ் கம்பெனி 164-இன்படி தரும் தொகையை ஒப்புக்கொண்டு வாங்கிவிட்டால், விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் நீங்கள் போட்ட மனு காலாவதியாகிவிடும். இரண்டரை லட்சம் கையில் வருகிறதே என்று வாங்குகிறவர், 166-இல் கிடைக்கக்கூடிய பெரிய தொகையை விட்டுக்கொடுக்கிறாரா என்று கணக்குப் போட்ட பிறகே வாங்க வேண்டும். மறுபக்கம், தப்பு யார்மேல் என்று சாட்சியே இல்லாத விபத்தில் 164 பெரிய ஆறுதல்.

தன் தப்பால் விபத்துக்குள்ளான லாரி ஓட்டுநருக்கு 166 உதவாது. ஆனால் வேலையில் இருக்கும்போது நடந்த விபத்து என்றால் 1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது. அங்கே யார் தப்பு என்று பார்ப்பது பொதுவாகக் கிடையாது. இரண்டு சட்டத்திலும் இடமிருந்தால் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். சொந்த பைக்கில் தானாகச் சறுக்கி விழுந்தவர், தன் பாலிசியில் உரிமையாளர்-ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் காப்பு 15 லட்சத்துக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உயிரிழப்புக்கும் பெரிய ஊனத்துக்கும் அது பொருந்தும்.

கெடு பற்றி ஒரு வார்த்தை. 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. இந்த விதி உச்ச நீதிமன்றம் வரை கேள்விக்கு உள்ளாகியிருக்கிறது என்பது உண்மை. அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். அதே சமயம், ஆறு மாதம் என்பது வக்கீலை நிதானமாகத் தேடப் போதுமான காலம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையெழுத்துப் போட வேண்டிய அவசரம் யாருக்கும் இல்லை.

ஒரே முழங்கால், மூன்று தொகை

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள்.

மெடிக்கல் போர்டு சித்தப்பாவுக்கு 35 சதவீத நிரந்தர ஊனம் என்று சான்று தந்தது. இந்த 35-ஐ வைத்து மூன்று விதமாகக் கணக்குப் போடலாம்.

முதல் விதம், சதவீதத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையால் பெருக்குவது. தமிழ்நாட்டில் இது நெடுநாள் பழக்கம். ஒரு சதவீதத்துக்கு 5,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 35 சதவீதத்துக்கு 1,75,000 ரூபாய்.

இரண்டாவது, மல்டிப்ளையர் முறை. 2009-இல் சரளா வர்மா தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் வயதுக்கு ஏற்ற பெருக்கெண்களை வகுத்தது. 25 வயது வரை 18, 31 முதல் 35 வரை 16, 36 முதல் 40 வரை 15, 46 முதல் 50 வரை 13 என்று குறைந்துகொண்டே போகும். 2017-இல் பிரணய் சேத்தி தீர்ப்பு, எதிர்காலத்தில் வருமானம் உயரும் என்பதையும் சேர்க்கச் சொன்னது. சொந்தத் தொழில் செய்பவருக்கும் நிலையான சம்பளக்காரருக்கும் 40 வயதுக்குள் என்றால் 40 சதவீதம், 40 முதல் 50 வரை 25, 50 முதல் 60 வரை 10. நிரந்தர வேலையில் இருப்பவருக்கு இதைவிடக் கூடுதல். சித்தப்பாவின் மாத வருமானம் 18,000. அதோடு 40 சதவீதம் சேர்த்தால் 25,200. ஆண்டுக்கு 3,02,400. பதினைந்தால் பெருக்கினால் 45,36,000. அதில் 35 சதவீதம் 15,87,600 ரூபாய்.

மூன்றாவதில்தான் அந்த வக்கீல் கேட்ட கேள்வி வருகிறது. 2010-இல் ராஜ்குமார் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: டாக்டர் தரும் உடல் ஊன சதவீதம் வேறு, சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பு வேறு. ஒரு கையை இழந்த ஓட்டுநருக்கும் தச்சருக்கும் ஏறக்குறைய எல்லாமே போய்விடுகிறது. அதே கையை இழந்த எழுத்தர் வேலையைத் தொடரலாம். வக்கீல்கள் இதை ஃபங்ஷனல் டிஸெபிலிட்டி என்பார்கள். மண்டியிட முடியாத டைல்ஸ்காரருக்கு அது 60 சதவீதம் என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டால் 27,21,600 ரூபாய்.

1,75,000, 15,87,600, 27,21,600. ஒரே மனிதர், ஒரே முழங்கால், ஒரே மெடிக்கல் போர்டு சான்று. வக்கீலின் ஃபீஸ் பத்து சதவீதமா பதினைந்து சதவீதமா என்று நாம் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போது, உண்மையான வித்தியாசம் இங்கே இருக்கிறது.

மூன்றாவது தொகை தானாக வராது. எங்கள் வக்கீல் சித்தப்பாவை வேலைக்குக் கூப்பிடும் மேஸ்திரியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை, இரண்டு வருட ஜிபே வரவுகள், டைல்ஸ் கடையில் எழுதிய கூலிச் சீட்டுகள் எல்லாவற்றையும் சான்று ஆவணங்களாகக் குறியீடு செய்தார். டாக்டரிடம் "எத்தனை சதவீதம்" என்பதோடு நிறுத்தாமல், "இவரால் தரையில் உட்கார்ந்து எழ முடியுமா, மூட்டை தூக்கி மாடி ஏற முடியுமா" என்று கேட்டுப் பதிவு செய்தார். இன்சூரன்ஸ் தரப்பு, ஹெல்மெட் போடவில்லை, ஆகவே இவர்மீதும் தப்பு உண்டு என்று வாதாடியது. தமிழ்நாட்டில் அதற்காக ஒரு பங்கைக் கழிப்பதுண்டு. இங்கே காயம் முழங்காலில், தலையில் இல்லை என்று ஏ.ஆர். காப்பியை (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல்) காட்டி அதை மறுத்தார்.

உயிரிழப்பு வழக்கில் கணக்கு வேறு. இறந்தவரின் சொந்தச் செலவுக்கென்று ஒரு பங்கைக் கழிப்பார்கள். திருமணமாகாதவர் என்றால் பாதி. இரண்டு மூன்று பேர் அவரை நம்பி இருந்தால் மூன்றில் ஒன்று, நான்கு முதல் ஆறு பேர் என்றால் நான்கில் ஒன்று. ஆகவே வயதான அம்மாவின் பெயரை மனுவில் சேர்க்க மறந்தால் தொகையே குறையக்கூடும். துணையை இழந்ததற்கு 40,000, ஈமச்சடங்குக்கு 15,000, சொத்திழப்புக்கு 15,000 என்று 2017-இல் நிர்ணயித்து, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 10 சதவீதம் கூட்டச் சொல்லியிருக்கிறார்கள். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கும் பிள்ளையை இழந்த பெற்றோருக்கும்கூட இதே தலைப்பில் உண்டு. வீட்டில் இருந்த பெண் இறந்தால் "வருமானம் இல்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இல்லத்தரசியின் உழைப்புக்கும் வருமானம் கணித்துத்தான் தொகை தர வேண்டும்.

யாரிடம் போவது?

ஆஸ்பத்திரிக்குத் தேடி வருகிறவரை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். வக்கீல் ஆள் வைத்து வழக்குப் பிடிப்பது பார் கவுன்சில் விதிகளுக்கு விரோதம். விதியை விடுங்கள். அப்படி வருகிற ஆளுக்கு ஒரு பங்கு, வக்கீலுக்கு ஒரு பங்கு என்று போனபின் மீதிதான் காயம்பட்டவருக்கு. வெற்றுத்தாளில் கையெழுத்து, காசோலைப் புத்தகம், ஏ.டி.எம். அட்டை இவற்றில் எதைக் கேட்டாலும் எழுந்து போகச் சொல்லுங்கள். "அந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை, வேறு வண்டியைக் காட்டிக்கலாம்" என்று சொல்பவரிடம் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள். பொய்க் கோரிக்கை என்று தெரிந்தால் குற்ற வழக்கு உங்கள்மேல்தான் வரும்.

நான் பார்த்த முதல் வக்கீல் எங்கள் ஊர்க்காரர். தாத்தா காலத்துப் பாகப்பிரிவினையிலிருந்து எங்கள் வீட்டு வழக்கெல்லாம் அவர்தான். நல்ல மனிதர், போன் போட்டால் எடுப்பார். ஆனால் விபத்து வழக்கு ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோதான் பார்ப்பதாக அவரே சொன்னார். ஊர் வக்கீலின் பலம் நம்பிக்கை. அவரிடம் கொடுப்பதானால், விசாரணையை அவரே நடத்துவாரா, வேறொருவருக்குக் கைமாற்றுவாரா என்று கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது, சென்னையில் எம்.சி.ஓ.பி. மட்டுமே பார்க்கிற பெரிய அலுவலகம். மேசைமேல் அடுக்கடுக்காகக் கேஸ் கட்டு. எங்களிடம் பேசியது குமாஸ்தா. உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் போடலாம் என்றார். சட்டப்படி விபத்து நடந்த இடத்திலும் போடலாம், நீங்கள் வசிக்கும் ஊரிலும் போடலாம், எதிர்மனுதாரர் இருக்கும் ஊரிலும் போடலாம். சென்னையில் போட்டால் அலுவலகத்துக்கு வசதி. ஊன்றுகோலோடு சித்தப்பா சாட்சி சொல்ல வாய்தாவுக்கு வாய்தா விழுப்புரத்திலிருந்து போக வேண்டும், மேஸ்திரியையும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரச் சொல்ல வேண்டும். இந்த அலுவலகங்களுக்குச் சட்டம் நன்றாகத் தெரியும், இன்சூரன்ஸ் தரப்பு எங்கே இறங்கிவரும் என்றும் தெரியும். ஆனால் எல்லா மனுவும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் போகும். டைல்ஸ்காரர் என்ற இடத்தில் "கூலி" என்று ஒரே சொல் எழுதிவிட்டால் மேலே சொன்ன 27 லட்சம் அங்கேயே போய்விட்டது.

மூன்றாமவரும் நான்காமவரும் மாவட்ட நீதிமன்றத்தில் இந்த வழக்குகளை வழக்கமாக நடத்துபவர்கள். மூன்றாமவர் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கும் ஆஜராகிறவர். அதில் தவறில்லை, எதிர்த்தரப்பு எப்படி யோசிக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் உங்களை இடித்த வண்டியின் கம்பெனிக்கே அவர் ஆஜராகிறாரா என்று கேட்காமல் கொடுக்கக் கூடாது. அந்தக் கம்பெனிக்கும் ஆஜராகிறவர் என்பதால்தான் நாங்கள் வேண்டாமென்றோம்.

வசதியில்லாதவர்களுக்கு இன்னொரு வாசல் உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி வருமானம் பாராமல் இலவச வக்கீல் கிடைக்கும். கணவரை விபத்தில் இழந்த பெண் இதற்குள் வந்துவிடுகிறார். அழைப்பு எண் 15100. வருகிற வக்கீல் இளையவராக இருக்கலாம். கேட்டுக்கேட்டு வேலை வாங்கும் உறவினர் ஒருவர் கூட இருந்தால், தரகர் கொண்டுவரும் வக்கீலைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

ஃபீஸ்

அமெரிக்காவில் இருக்கும் என் அத்தை மகன், "மூணுல ஒரு பங்கு வக்கீலுக்கு, அதுதானே முறை" என்றான். அங்கே அது சட்டப்படி சரி. இங்கே இல்லை. வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. 2017 டிசம்பரில் தெலங்கானாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. விபத்தில் கணவரை இழந்த பெண்ணிடம், இழப்பீட்டில் பங்கு என்று வாங்கிய காசோலை திரும்பி வந்ததற்காக வக்கீல் தொடுத்த வழக்கை நீதிமன்றம் ரத்து செய்தது.

நடைமுறையில் சதவீதம்தான் பேசுகிறார்கள், ஏனென்றால் காயம்பட்ட குடும்பத்திடம் முன்பணம் இருப்பதில்லை. அந்த நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனால் கட்டம் கட்டமாகத் தரும் வழியும் இருக்கிறது. மனு போடும்போது இவ்வளவு, சாட்சி விசாரணையில் இவ்வளவு, தீர்ப்பானதும் இவ்வளவு என்று தொகையாகப் பேசி எழுதி வாங்கிக்கொள்ளலாம். எங்கள் வக்கீல் இதற்குத் தயங்காமல் ஒப்புக்கொண்டார். மெடிக்கல் போர்டுச் செலவு, நகல் செலவு, டாக்டர் சாட்சிப்படி ஆகியவை ஃபீஸில் அடக்கமா என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

இடித்தது அரசுப் பேருந்து என்றால் இன்னொன்றும் கேளுங்கள்: தீர்ப்புக்குப் பிறகு நிறைவேற்று மனு போடுவதும் இதே ஃபீஸில் சேர்த்தியா? போக்குவரத்துக் கழகம் பணம் கட்டாததால் பேருந்தை ஜப்தி செய்தார்கள் என்று செய்தித்தாளில் அடிக்கடி பார்க்கிறோமே, அது இந்த மனுவில்தான் நடக்கிறது. தீர்ப்போடு வேலை முடிந்தது என்று நினைக்கிற வக்கீல் அரசுப் பேருந்து வழக்குக்குப் போதாது.

மக்கள் நீதிமன்றமா, தீர்ப்பு வரைக்கா?

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே இன்சூரன்ஸ் கம்பெனி சமரசத்துக்குக் கூப்பிடும். எங்களை மக்கள் நீதிமன்றத்துக்குக் கூப்பிட்டு 6 லட்சம் என்றார்கள். அங்கே ஒப்புக்கொண்டால் அதுவே முடிவு, மேல்முறையீடு கிடையாது. பணம் சீக்கிரம் வரும், கம்பெனியும் மேல்முறையீடு போக முடியாது. காயம் சிறியது, கணக்கில் பெரிய சர்ச்சை இல்லை, அல்லது வீட்டில் அடுத்த மாதம் அடுப்பெரிய வழியில்லை என்றால் வாங்கிக்கொள்வது நியாயமான முடிவுதான். யாரும் குறை சொல்லக் கூடாது. ஆனால் சொல்லப்படும் தொகையில் வட்டியும் அடக்கமா என்று பாருங்கள். தீர்ப்பு என்றால் மனு போட்ட நாளிலிருந்து வட்டி உண்டு, தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஆண்டுக்கு ஏழரை சதவீதம்.

சித்தி அன்று 6 லட்சத்துக்கே சரி என்றார். சித்தப்பாதான் வக்கீலைப் பார்த்து, "சார், உங்களுக்கு என்ன தோணுது?" என்றார். அவர் தாளில் கணக்கை எழுதிக் காட்டி, நமக்குச் சாதகமாக வராவிட்டால் எவ்வளவு, வந்தால் எவ்வளவு, இன்னும் எத்தனை காலம் ஆகலாம் என்று மூன்றையும் சொல்லிவிட்டு, "முடிவு உங்களது" என்றார். காத்திருந்தோம். 2025-இல் தீர்ப்பு வந்தது. தீர்ப்பாயம் மாத வருமானத்தை 15,000 என்றுதான் எடுத்தது, ஃபங்ஷனல் டிஸெபிலிட்டியை 50 சதவீதம் என்று ஏற்றது. அந்தத் தலைப்பில் மட்டும் 18,90,000 ரூபாய். வலி, வேதனை, மருத்துவச் செலவு தனி. நாங்கள் கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. கிடைத்தது குறைவென்றால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். நாங்கள் செய்யவில்லை.

இந்த மூன்று ஆண்டும் நான் வக்கீலைப் போனில் நச்சரித்ததில்லை. இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கு எண்ணைப் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, போன வாய்தாவில் என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். மனு போட்ட வாரமே அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தர இழுத்தடிக்கும் வக்கீலிடமிருந்து அப்போதே விலகலாம். வக்கீலை மாற்ற உங்களுக்கு உரிமை உண்டு, பழையவரிடம் ஒப்புதல் வாங்கிப் புதியவர் வக்காலத்துப் போடுவார்.

பணம் வரும் வழியையும் முன்பே பேசுங்கள். இழப்பீட்டைக் கோரியவரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாகச் செலுத்த வேண்டும் என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வக்கீலோடு சேர்ந்து கூட்டுக் கணக்குத் திறக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். சித்தப்பாவின் பணம் அவர் கணக்குக்கே வந்தது. பாஸ்புக்கில் வரவு பதிய அவரே ஊன்றுகோலோடு வங்கிக்குப் போனார். வக்கீலுக்குத் தர வேண்டிய கடைசித் தவணையை அன்று மாலை ரசீது வாங்கிக்கொண்டு கொடுத்தோம்.